நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு துண்டு கருப்பட்டி

போன மாதம் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. "ஐயா, அந்தக் காலத்துல பூசைக்கு வர்றவங்கள எப்படி ஆயத்தம் பண்ணுவீங்கன்னு பங்கு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். சரி என்றேன். போகும்போது வாசலில் நின்று, "ராத்திரி பன்னெண்டு மணியிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாமே, நெசமா?" என்று கேட்டார். ஏதோ கட்டுக்கதையைச் சரிபார்ப்பவர் போல் இருந்தது அவர் முகம்.

நிஜம்தான். இப்போது நற்கருணை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், வாங்க ஒரு மணி நேரம் வயிற்றைக் காலியாக வைத்திருந்தால் போதும். பிரசங்கம் சற்று நீண்டால், கோயில் வாசலில் மென்றுகொண்டிருந்த இட்லியும் அந்தக் கணக்கில் செல்லுபடியாகிவிடுகிறது. நான் குறை சொல்லவில்லை. திருச்சபைக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிடப் போவதில்லை. ஆனால் அந்தப் பழைய சட்டத்தை ராயபுரத்தில் நடத்திக் காட்டுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அது எவ்வளவு கலகலப்பான பிழைப்பு என்பதைச் சொல்லாமல் விட்டால், நாங்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே மோட்சத்துக்கு வழி தேடினோம் என்று இந்தத் தம்பி நினைத்துக்கொள்வார்.

நான் உபதேசியார் ஆன கதை சின்னது. மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறினேன். குருமடத்தில் சேர்ந்தேன். லத்தீன் வந்தது, கீழ்ப்படிதல் வரவில்லை. மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். படித்த லத்தீன் வீணாகக் கூடாது என்று யாரோ சிபாரிசு செய்ய, துறைமுகத்துக்குப் பக்கத்துக் கோயிலில் இந்த வேலை கிடைத்தது. ஞான உபதேசம் சொல்லிக் கொடுப்பது, மணி அடிப்பது, பூசை உடுப்புகளை எடுத்து வைப்பது, கல்யாண ஜோடிகளைத் தயார் செய்வது, சாவு வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் அடங்கும். அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பங்குச் சாமியாரை சின்னப்ப சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பெரிய உடம்பு, சின்னக் குரல். யாரையும் திட்டமாட்டார். நீங்கள் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே நாம் செய்த தப்பு நமக்குத் தெரிந்துவிடும். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அவர் பூசைக்கு உடுத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடத்துக்குப் பின்னால் உடுப்பு அறை. அங்கே மார்பளவு உயர மேசைமேல் உடுப்புகளை நான் தலைகீழ் வரிசையில் வைப்பேன். கடைசியில் போடுவது அடியில், முதலில் போடுவது மேலே. அடியில் பட்டு மேலாடை. அதன்மேல் கழுத்துப் பட்டை, இடது கையில் தொங்கவிடும் பட்டை, இடைக்கயிறு, கணுக்கால்வரை வரும் வெள்ளை அங்கி. எல்லாவற்றுக்கும் மேலே தோளில் போடும் சதுரமான வெள்ளைத் துணி. சாமியார் முதலில் கை கழுவுவார். அதற்கு ஒரு செபம். தோள் துணியின் நடுவில் தைத்திருக்கும் சிலுவையை உதட்டில் ஒற்றி முத்தி செய்து, அதை ஒரு கணம் தலையில் வைத்து, பிறகு தோளுக்கு இறக்கிக் கட்டுவார். அதன் செபத்தில் அந்தத் துணிக்குத் தலைச்சீரா, அதாவது தலைக்கவசம், என்று பெயர், பசாசின் அடியைத் தாங்குவதற்காக. இடைக்கயிறு கற்புக்கு. கைப்பட்டை கண்ணீருக்கு. மேலாடை ஆண்டவருடைய நுகத்தடி. வெளியே ஒன்றை உடுத்தும்போதே உள்ளேயும் ஒன்றை உடுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

பல சாமியார்கள் இந்தச் செபங்களை முணுமுணுத்துக்கொண்டே, மெழுகுவர்த்தி வாங்கினாயா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரிப்பார்கள். சின்னப்ப சாமி அப்படி இல்லை. தோள் துணியில் உதடு பட்டுவிட்டால் அவர் வாய் பூசைக்கு மட்டும்தான். பூசை முடிந்து, எல்லாவற்றையும் கழற்றி, அந்தத் துணியைக் கடைசியில் மடித்து வைக்கும்வரை கோயில் தீப்பிடித்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆகவே அவரிடம் எதைக் கேட்பதானாலும் அந்த முத்திக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.

நற்கருணை வாங்குவதை அப்போது 'நன்மை வாங்குவது' என்போம். அதற்கு முந்தின நடுச்சாமத்திலிருந்து ஒருசந்தி. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. சட்டம் ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குள் துறைமுகத்து ஜனங்கள் கண்டுபிடித்த சந்து பொந்துகளை ரோமாபுரியில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் சிக்கல், எது நடுச்சாமம் என்பது. யுத்தத்துக்காக அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. சர்க்கார் மணியையும் எடுத்துக்கொள்ளலாம், சூரியன் மணியையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது திருச்சபைச் சட்டம். ஆக, விவரம் தெரிந்தவன் மற்றவன் கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்த பிறகும் நிதானமாக இன்னொரு ஆப்பம் சாப்பிடலாம். கேட்டவர்களுக்கு இதைச் சொல்வேன். கேட்காதவர்கள் பசியோடு படுத்தார்கள். படிப்புக்கு அந்த மட்டுமாவது பலன் வேண்டாமா?

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு கிழவர் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவார். காலையில் அதோடு நன்மை வாங்க வந்து நின்றார். நான் மறித்தேன். அவர் நேரே சாமியாரிடம் போனார்.

"இது நேத்து வெத்தலை சாமி. பன்னெண்டுக்கு முன்னாடியே வாயில பூந்திச்சி."

சின்னப்ப சாமி யோசித்தார். "சாறு எப்ப உள்ள போச்சு?"

"அது அப்பப்ப போய்கினு இருக்கும் சாமி."

"இப்பவும் போவுதா?"

கிழவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து கடைசி வரிசையில் மண்டியிட்டார். அடுத்த வாரம் சுத்தமான வாயோடு வந்தார். கன்னம் மட்டும் பழக்கத்தில் புடைத்தே இருந்தது.

கடலில் நின்றுகொண்டு வலை இழுப்பவன் வாயில் உப்புத் தண்ணீர் தெறித்தால் முறியுமா? முறியாது, அவன் குடிக்கவில்லை, கடல்தான் ஊட்டியது. பல்பொடி? கொப்பளித்துத் துப்பினால் முறியாது. பீடி? புகை ஆகாரம் அல்ல, முறியாது. ஆனால் அந்த வாசனையோடு ஆண்டவருக்கு நாக்கை நீட்டுவது மரியாதை இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒருவர் காதிலும் நான் ஏற்ற முடியவில்லை.

வெளி ஆயத்தம் இப்படி என்றால், உள் ஆயத்தம் சனிக்கிழமை சாயங்காலம். சாமியார் திரை போட்ட தொட்டியில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கத் தொடங்குவதற்கு முன், ஜனங்களை வரிசையாக உட்கார வைத்து ஆத்தும சோதனைக் கேள்விகளை நான் உரக்கக் கேட்பேன். அவர்கள் மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். செபப் புத்தகத்தில் இருந்த கேள்விகள், பிறனுடைய எருதை இச்சித்தாயா என்கிற தினுசு. துறைமுகத்தில் யாருக்கும் எருது தேவைப்படவில்லை. ஆகவே களவு செய்யாதே என்கிற ஏழாம் கற்பனைக்கு நானே கேள்வி தயாரித்தேன். "மூட்டை தானாகக் கிழிந்ததா, கிழிக்கப்பட்டதா? சிந்தியதை வாரினாயா, வாருவதற்காகச் சிந்தினாயா?"

ஒரு மூட்டைத் தொழிலாளி எழுந்துவிட்டார். "உபதேசியாரே, கொக்கி போட்டுத் தூக்குனா மூட்டை கிழியத்தான் செய்யும். கொக்கிக்கு ஆத்துமம் கீதா இன்னா?"

"கொக்கியைப் பிடித்த கைக்கு இருக்கிறது."

"கை என்துதான். இழுடான்னு சொன்னது மேஸ்திரி."

தொட்டியின் திரை விலகியது. சின்னப்ப சாமி தலையை நீட்டி, "மேஸ்திரி வந்திருக்காரா?" என்று கேட்டார்.

மூன்றாம் வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, வரிசைக்கு முதல் ஆளாக நின்றார். அன்றைக்குப் பாவசங்கீர்த்தனம் வெகு நேரம் நடந்தது.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், யுத்தம் முடிந்த பிறகு நடந்த ஒரு கல்யாணம். என் வேலைக்காலத்தில் சட்டமும் மனுஷரும் நேருக்கு நேர் வந்து முட்டிய சந்தர்ப்பம் அதுதான்.

மாப்பிள்ளை அந்தோணி, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தாய் தகப்பன் இல்லை, அத்தை சவேரியம்மாதான் வளர்த்தாள். பெண் ரோசம்மா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, டோல்கேட்டுக்கு அருகே கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த குடும்பம். ரோசம்மாவுக்கு அதற்கு முன் ஊரில் ஒரு சம்பந்தம் நிச்சயமாகி, காரணம் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் விலகிப் போயிருந்தார்கள். காரணம் சொல்லாமல் போனால், ஜனங்கள் தாங்களே காரணம் சொல்லிக்கொள்வார்கள். சவேரியம்மாவும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு யோசித்து வைத்திருந்தாள்.

இங்கே எங்கள் பங்கின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணப் பூசையில் ஜோடி நன்மை வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் வாங்காமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: சாவான பாவம் இருக்கிறது, சாமியார் மன்னிப்புத் தரவில்லை. பந்தியில் சாம்பார் வருவதற்கு முன்னால் அந்தச் செய்தி டோல்கேட்டைத் தாண்டிவிடும். பிறகு அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் உபவாசம் இருந்தாலும் அது போகாது. சின்னப்ப சாமி இதைத் தெரிந்துதான் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். ஜோடியாக வந்தால் கொடுப்பார். ஒருவர் மட்டும் வந்தால் கொடுக்கமாட்டார், இருவரும் இடத்திலேயே நிற்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலை சவேரியம்மா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: "எம்புள்ள ஒரு பொட்டுத் தண்ணி தொடல உபதேசியாரே. ராத்திரி முச்சூடும் தண்ணிப்பானை மேல தட்டைப் போட்டு, தட்டு மேல கையப் போட்டுக்கினு படுத்தேன். எங்க வூட்டுக்கு நான் சாட்சி. பொண்ணு வூட்டு சங்கதி நமக்கு இன்னா தெரியும்?"

பூசைக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே கேட்டுவிடுவது என் முறை. மணிக்கூண்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையில் ரோசம்மா நின்றாள். அம்மா வாசல் பக்கம். வெள்ளைப் பட்டு, வெள்ளை முக்காடு, முகமும் கிட்டத்தட்ட அதே நிறம்.

"பாவசங்கீர்த்தனம் ஆச்சா?"

"நேத்து சாயந்தரம் ஆச்சுய்யா."

"நடுச்சாமத்துக்குப் பிறகு ஏதாவது உள்ளே போச்சா?"

இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வரும். நானும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அன்று வரவில்லை.

"போச்சுய்யா."

"என்ன போச்சு?"

"கருப்பட்டி."

கருப்பட்டி வியாபாரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் சரக்கைக் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. உடைத்துப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், கடைசித் தீர்ப்பு நாக்குக்கு. பாகு தீய்ந்ததா, சீனி கலந்ததா என்று சொல்வதில் ரோசம்மாவின் நாக்குக்கு அந்தக் கடையில் அவள் அப்பாவின் நாக்கைவிட மதிப்பு அதிகம். அன்று காலையில் விருந்தாளிகளுக்குக் காப்பி போட அவள் சித்தப்பா புது ஓலைக் கொட்டானைப் பிரித்திருக்கிறார். சந்தேகம் வந்திருக்கிறது. தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு துண்டை நீட்டி, "ரோசா, இது என்ன சரக்குன்னு பாரு" என்றிருக்கிறார். அவளும் வாயில் போட்டு, "கலப்பு சித்தப்பா, இதப் போடாதீய" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இன்றைக்கு என்ன நாள் என்று இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ருசி பார்த்துத் துப்பிவிட்டால் ஒருசந்தி முறியாது என்று சட்டத்தில் தெளிவாக இடம் இருக்கிறது. "விழுங்கினாயா, துப்பினாயா?" என்று கேட்டேன்.

"கருப்பட்டிய யாருய்யா துப்புவா?"

"கலப்புக் கருப்பட்டிதானே, துப்பியிருக்கலாம்."

"தொண்டையில இறங்குனாத்தானய்யா கலப்பு தெரியும். நாக்குல எல்லாக் கருப்பட்டியும் இனிக்கத்தான் செய்யும்."

நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன்.

"சொல்லாம போயி முட்டுப்போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் அவள். "சித்தப்பாவும் அதத்தான் சொன்னாவ. ஆனா நேத்துத்தான் ஆத்துமத்தக் கழுவி வச்சிருக்கேன். இன்னைக்குப் போயிப் பொய்யா நாக்க நீட்ட மாட்டேன். நான் போகலன்னா என்ன பேசுவாவன்னும் தெரியும்." முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அவியகிட்ட, கட்டப்போறவியகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிருங்க. மனசு மாறுனா தாலி கட்டுறதுக்கு முன்னாடியே மாறட்டும்."

நான் உடுப்பு அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சின்னப்ப சாமி கை கழுவித் துடைத்துவிட்டு, தோள் துணியை இரண்டு கையாலும் எடுத்து வாய்க்கு நேரே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சாமி."

துணி நின்றது. நான் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

"எவ்வளவு கருப்பட்டி?" என்றார்.

"சுண்டைக்காய் அளவு."

"சட்டத்துல அளவு இருக்கா?"

"இல்லை சாமி. ஆனா பேர் கெட்டுப்போகிற ஆபத்து இருந்தால் வாங்கலாம் என்று சில வேத சாஸ்திரிகள் விலக்கு சொல்லியிருக்கிறார்கள். இதுவும் அந்த மாதிரிதான்." எனக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கமே மனதில் இருந்தது. லத்தீனில் ஒப்பித்தும் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த விலக்கை அந்தப் பொண்ணு கேட்டாளா?"

"இல்லை சாமி. பொய்யாக நாக்கை நீட்டமாட்டேன் என்றாள்."

"அப்ப நீர் யாருக்காகக் கேக்கிறீர்?"

ஒப்பித்த பக்கத்தை மனதுக்குள் மூடி வைத்தேன்.

"வாங்கினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கட்டும். இல்லேன்னா ரெண்டு பேரும் எடத்துல நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை எங்கயும் ஓடிப்போயிடலை" என்றார். சிலுவையை முத்தி செய்தார். அவ்வளவுதான். இனி அவரிடம் கேட்க எதுவும் இல்லை.

அவருடைய ஒழுங்கு நல்ல ஒழுங்குதான். ஆனால் இந்த இடத்தில் அது போதவில்லை. மாப்பிள்ளை சுத்தமான ஒருசந்தி என்று அவன் அத்தை பானைமேல் கை வைத்துச் சாட்சி சொல்லிவிட்டாள். ஜோடி நன்மை வாங்கவில்லை என்றால் காரணம் பெண் என்று குழந்தைக்கும் புரியும்.

அந்தோணி பூவரச மரத்தடியில், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றான். தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ரோசம்மாவின் கடைசி வார்த்தை உட்பட எதையும் விடவில்லை.

"கருப்பட்டியா?"

"ஆமாம்."

"நல்லாருந்திச்சாமா?"

"கலப்பாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டான். பிறகு முகம் மாறியது. "அத்தை இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியும் உபதேசியாரே. போன வாரமே ஆரம்பிச்சிடுச்சி. நான் பட்டினின்னு ஊருக்கே தெரியும், அதான் பேஜாரு." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு கேக்கறேன். தண்ணி குடிச்சா ஒருசந்தி போச்சா?"

"போச்சு."

"சோடா?"

"சோடாவும் தண்ணீர்தான்."

"நானும் மறந்துட்டுக் குடிச்சேன்னு சொன்னா அது இன்னா பாவம்?"

"பொய். அற்பப் பாவம்."

"வேணாம். நேத்துதான் எல்லாத்தையும் கொட்டிட்டு வந்தேன். பொய் இல்லாமயே பண்லாம்." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "தாகமா கீது. அது நெசம்தானே?"

கோயில் வாசலுக்கு எதிரே ஒரு பாயின் சோடாக்கடை இருந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காகக் காலையிலேயே திறந்துவிடுவார். மாப்பிள்ளைக் கோலத்தில் அந்தோணி தெருவைக் கடந்து போனான். நான் வாசலில் நின்றேன்.

"இன்னா நைனா, கல்யாணம் உள்ளாறதானே, இங்க வந்துட்ட?" என்றார் பாய்.

"ஒரு சோடா குடு பாய்."

"பூசைக்கு முன்னாடி உங்காளுங்க எதுவும் தொட மாட்டீங்களே. எனக்கே தெரியும்."

"குடு பாய், தாகமா கீது."

பாய் என்னைப் பார்த்தார். நான் மணிக்கூண்டைப் பார்த்தேன். அவர் சோடாவை எடுத்து, கட்டையை வைத்துக் கோலியை அமுக்கினார். கோலி சோடா உடையும் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். கீச்சென்று ஒரு கூச்சல், பின்னாலேயே ஒரு வெடி. கல்யாணக் கூட்டம் முழுவதும் திரும்பியது. அந்தோணி தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்குவது எல்லாருக்கும் தெரியும்படி, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

"டேய் அந்தோணி." சவேரியம்மா தெருவின் நடுவுக்கே வந்துவிட்டாள். "இன்னாடா பண்ணிக்கினு கீற? நன்மை வாங்கற நாளுடா."

"தாகம் அத்தே."

"ராத்திரி முச்சூடும் பானை மேல கைய வச்சிக்கினு படுத்திருந்தேனே."

"அதான் அத்தே தாகம்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. சவேரியம்மா என்னிடம் வந்தாள். "இப்ப இன்னா பண்றது உபதேசியாரே? பொண்ணு மட்டுமாச்சும் வாங்கலாமா?"

"சாமியார் ஒழுங்கு தெரியுமே. வாங்கினால் இரண்டு பேரும். இல்லை என்றால் இரண்டு பேரும் இல்லை" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நான் எதிர்பாராத காரியத்தைச் செய்தாள். பெண் வீட்டார் நின்ற இடத்துக்குப் போய், ரோசம்மாவின் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கோச்சிக்காதீங்கம்மா. எங்க புள்ள கலீஜ் பண்ணிட்டான். உங்க பொண்ணு பட்டினியா வந்து நிக்குது, அதுக்கும் இல்லாம பண்ணிட்டானே." ரோசம்மாவின் முகவாயைத் தொட்டாள். "கண்ணு, உன் வவுறு காஞ்ச பாவம் எங்களுக்கு வாணாம்மா. மனசுல வச்சிக்காத."

சித்தப்பா ஆகாயத்தைப் பார்த்தார். ரோசம்மா வாயைத் திறந்தாள். இந்தப் பெண் நிஜத்தைச் சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஆகியிருந்தது. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு பலமாக மணி அடித்தது கிடையாது. அது ஓய்ந்தபோது எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

தாலி கட்டினான். பூசை நடந்தது. நன்மை நேரம் வந்தது. ஜோடி இடத்திலேயே மண்டியிட்டிருந்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். சவேரியம்மாவும் போய் வாங்கிக்கொண்டு, கை கூப்பித் திரும்பி வரும்போது அந்தோணியைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். அந்தப் பார்வை பெண் பக்கம் திரும்பவே இல்லை. கோயில் முழுவதும் அப்படித்தான். யார் கண்ணும் பெண் மேல் இல்லை, எல்லாக் கண்ணும் சோடா குடித்தவன் மேல். அவன் குனிந்த தலையோடு அதை வாங்கிக்கொண்டிருந்தான்.

பூசை முடிந்து உடுப்பு அறைக்கு வந்த சின்னப்ப சாமி மேலாடையைக் கழற்றினார். பிறகு கைப்பட்டை, கழுத்துப் பட்டை, கயிறு, அங்கி. கடைசியாகத் தோள் துணியை முத்தி செய்து மடித்து வைத்தார்.

"நான் இடைக்கயிறு கட்டும்போது ஒரு சத்தம் கேட்டுதே, அது என்ன?"

"சோடா சாமி."

"யாரு?"

"மாப்பிள்ளை."

அவர் மடித்த துணியை இன்னும் ஒரு தரம் நீவிவிட்டார். அவரும் நடுச்சாமத்திலிருந்து பட்டினிதான். "பாய்கிட்ட எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாரும்" என்றார். "உமக்கும்."

விஞ்சடியில் அன்றிலிருந்து அவனுக்கு 'சோடா அந்தோணி' என்று பெயர். ஓய்வு பெறும்வரை அதுதான் கூப்பிடும் பெயராக இருந்தது. அவன் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு இருவரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சவேரியம்மாவும் கூட. நான் வாசலில் நின்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"எதுவும் போகலய்யா" என்றாள் ரோசம்மா. "ராப்பூரா என்ன அவிய காவல் காத்தாவ, அவியள நான் காவல் காத்தேன். ரெண்டு பேரும் தூங்கல."

அந்தோணி காதுவரை சிவந்து போனான். சவேரியம்மாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழவில்லை. 'காவல்' என்ற வார்த்தை மட்டும் விழுந்தது.

"பாத்தீங்களா உபதேசியாரே" என்றாள். பெண்கள் பக்கம் முழுவதற்கும் கேட்டது. "நான் பானை மேல படுத்தும் இவனை நிறுத்த முடியல. ஒருசந்தின்னா இன்னான்னு தெரிஞ்ச பொண்ணு வந்து நிறுத்திச்சி. கருப்பட்டி யாவாரம் பண்ற வூட்ல பொறந்து, ஒரு துண்டு வாயில போடாம பூசைக்கு வருதுன்னா சும்மாவா?"

அந்தோணி கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோசம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய் மண்டியிட்டாள். முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து, சவேரியம்மா அவள் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.